பட்ஜெட் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போய் நான் பட்ட பாடு

காரைக்குடிப் பக்கத்தில் பள்ளத்தூரில் இருந்துகொண்டு கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கேமரா வேலை என்னுடையது இல்லை. இங்கே சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஸ்டுடியோக்காரர்கள் படம் பிடித்து ஹார்டு டிஸ்கில் கொடுப்பார்கள், நான் வீட்டிலேயே வெட்டி ஒட்டி முடித்துக் கொடுப்பேன். செட்டிநாட்டுக் கல்யாணம் என்றால் எவ்வளவு ஃபுட்டேஜ் வரும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெண் அழைப்பு, இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதுவது, திருப்பூட்டுவது (தாலி கட்டுவது), சாமான் பரப்பி வைத்திருப்பது என்று எதையும் விட முடியாது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் எல்லாமும் அதே அளவு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பும் முன்பே வீடியோ கையில் வேண்டும் என்பார்கள்.

என் கணினியில் இருந்தது இன்டெல் ஐ5-10400, 16 ஜிபி ரேம், ஒரு ஹெச்410 மதர்போர்டு. திரைக்கான படங்களையும் வீடியோவையும் கையாளுகிற தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. முழு ஹெச்டி காலத்தில் அது போதுமாக இருந்தது. ஸ்டுடியோக்காரர்கள் ஒவ்வொருவராக 4கே-வுக்கு மாறியதும் டைம்லைன் திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தது. இரண்டு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால், அதாவது வெட்டி முடித்ததை ஒரே ஃபைலாக எழுதப் போட்டால், விடிய விடிய ஓடும். நடுவில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டால் மறுபடி முதலில் இருந்து. சரி, ஒரு கார்டு போட்டுவிடலாம் என்று 15,000 ரூபாய் ஒதுக்கினேன். அப்போது யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் எனக்குப் பணமும் நிம்மதியும் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காரைக்குடியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பையனுக்கு கேம் விளையாடவா அக்கா?" இல்லை தம்பி, வீடியோ எடிட்டிங்குக்கு என்றேன். "எல்லாத்துக்கும் ஒரே கார்டுதான்க்கா. இது புது மாடல், 4 ஜிபி, எல்லாரும் இதான் வாங்குறாங்க" என்று ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஒன்றை எடுத்து வைத்தார். 14,500 ரூபாய். எல்லாத்துக்கும் ஒரே கார்டு என்ற அந்த வார்த்தை உண்மை இல்லை. எனக்கு நேர்ந்தது எல்லாம் அதிலிருந்து தொடங்கியது.

முதலில் கரண்ட் பிரச்சினை. மதர்போர்டில் கார்டு செருகுகிற ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். அதற்கு மேல் இழுக்கிற கார்டுக்கு, கணினிக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இருந்து தனி ஒயர் வர வேண்டும். 6 முள் கனெக்டர் என்றால் இன்னொரு 75 வாட், 8 முள் என்றால் 150 வாட். 6500 எக்ஸ்டி 107 வாட் கார்டு, அதனால் தனி ஒயர் கட்டாயம். என் கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே இல்லை. கடையில் 250 ரூபாய்க்கு ஒரு மாற்றி ஒயர் போட்டு, ஹார்டு டிஸ்குக்குப் போகிற சாட்டா ஒயரில் இருந்து இணைத்துக் கொடுத்தார்கள். தயவுசெய்து இதற்கு மட்டும் யாரும் சம்மதிக்காதீர்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் முள்கள் 54 வாட் அளவுக்குத்தான் தாங்கும். 75 வாட் கொடுக்க வேண்டிய இடத்தில் அதை மாட்டினால் சூடாகி உருகும். என் கணினி எக்ஸ்போர்ட் நடுவில் பட்டென்று அணைந்துபோகும், திரும்பப் போட்டால் வரும், மறுபடி அணையும். ஒரு நாள் பிளாஸ்டிக் கருகுகிற வாடை. கேபினெட்டைத் திறந்து பார்த்தால் அந்த வெள்ளைக் கனெக்டரின் ஓரம் பழுப்பேறி இருந்தது. உள்ளே மூன்று கல்யாணங்களின் ஃபுட்டேஜ். கை நடுங்கிவிட்டது எனக்கு. அந்த வீடுகளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

அன்றைக்குத்தான் எஸ்எம்பிஎஸ் மேலே ஒட்டியிருக்கிற அட்டவணையை முதல் முறையாகப் படித்தேன். வெளியே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்குக் கீழே 16 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். கார்டும் பிராசசரும் உண்பது அந்த 12 வோல்ட் வரிசையில்தான். என் பிராசசர் பெயருக்கு 65 வாட், முழு வேகத்தில் ஓடும்போது அதன் இரண்டு மடங்கு வரை கொஞ்ச நேரம் இழுக்கும். கார்டின் 107 வாட்டையும் கூட்டினால் 192 எங்கே போதும்? கார்டு பார்க்கப் போகும் முன் உங்கள் கேபினெட்டின் பக்கத்தட்டைக் கழற்றி அந்த அட்டவணையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் ஆம்பியரைப் பெருக்கிப் பாருங்கள். 6 முள், 8 முள் ஒயர் தொங்குகிறதா என்றும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அலுவலகங்களில் கழித்துவிட்டு விற்கிற சின்னப் பெட்டிக் கணினி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் எஸ்எம்பிஎஸ் மிகச் சிறியது, பல மாடல்களில் வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டவும் வராது, கார்டும் பாதி உயரத்தில் இருந்தால்தான் உள்ளே போகும்.

3,900 ரூபாய்க்கு, கரண்ட்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கினேன். இது வீண் செலவு இல்லை, இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. கணினி அணைவது நின்றது. அப்பாடா என்று ஒரு எக்ஸ்போர்ட் போட்டேன். கார்டு இல்லாதபோது ஆன நேரத்தை விட அதிகமாக ஆனது! நம்பவே முடியவில்லை. டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன், விண்டோஸையே புதிதாக ஏற்றினேன், இரவெல்லாம் இதே வேலை. கடையில் கேட்டால் "சாஃப்ட்வேர் பிரச்சினைக்கா, கார்டு நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். பெட்டி பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்கவும் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு அறுபதாம் கல்யாண வேலை அந்த நேரத்தில் கைவிட்டுப் போனது. 12,000 ரூபாய் வரவேண்டிய வேலை. ஸ்டுடியோ அண்ணன் கோபப்படவில்லை, "பரவால்லம்மா, இந்த வாட்டி வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

காரணத்தைக் கடைசியில் நானே தேடிக் கண்டுபிடித்தேன். வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது ஹெச் 264, ஹெச் 265 வடிவத்தில் சுருக்கி எழுதுவதற்கென்றே கார்டுக்குள் ஒரு தனிப் பகுதி இருக்கும். என்கோடர் என்பார்கள். என்விடியா கம்பெனிக் கார்டுகளில் அதன் பெயர் என்வென்க், இன்டெலில் குவிக் சிங்க். 2022 ஜனவரியில் வந்த இந்த 6500 எக்ஸ்டியிலும் அதன் தம்பியான ஆர்எக்ஸ் 6400-இலும் அந்த என்கோடர் இல்லவே இல்லை. லேப்டாப்புக்காக வடிவமைத்த சிப் அது. லேப்டாப்பில் பிராசசரோடு இருக்கிற கிராபிக்ஸ் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பதால் இதில் விட்டுவிட்டார்கள். கேம் விளையாடுபவருக்கு இது பெரிய குறை இல்லை. எடிட்டிங் செய்பவருக்கு எக்ஸ்போர்ட்டின் பாதி வேலையே அதுதான்.

ஆனால் முன்பை விட மெதுவானது ஏன்? என் பிராசசருக்குள்ளேயே குவிக் சிங்க் இருந்தது. அதுவரை அமைதியாக அதுதான் எனக்கு உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. தனி கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் பிராசசரின் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். என்னுடையதும் அப்படித்தான் செய்திருந்தது. நான் எடிட்டிங் செய்கிற பிரீமியர் மென்பொருளின் எக்ஸ்போர்ட் பகுதியில் ஹார்டுவேர் என்கோடிங் என்ற தேர்வு மங்கலாகி, சாஃப்ட்வேர் என்கோடிங் மட்டும் இருந்தது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸுக்குள் போய் ஐஜிபியூ மல்டி மானிட்டர் என்பதை எனேபிள் செய்து, இன்டெல் டிரைவரைத் திரும்ப ஏற்றியதும் ஹார்டுவேர் தேர்வு வந்துவிட்டது. போர்டுக்கு போர்டு அந்தப் பெயர் கொஞ்சம் மாறும், உள் கிராபிக்ஸ் சம்பந்தமான இடத்தில் தேடுங்கள். ஏற்கெனவே கார்டு போட்டுவிட்டு எக்ஸ்போர்ட் மெதுவாகிவிட்டதே என்று தவிப்பவர்கள் காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். இன்டெல் பிராசசர் பெயருக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் மட்டும் இது பலிக்காது. 10400எஃப், 12400எஃப் போன்றவற்றில் உள் கிராபிக்ஸே கிடையாது. புதிதாகக் கணினி கட்டுகிறவர்களிடம் விலை குறைவு என்று எஃப் மாடலைத் தள்ளுவார்கள். எடிட்டிங்குக்கு என்றால் அந்த வித்தியாசத்தைக் கொடுத்து எஃப் இல்லாததை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

இவ்வளவும் செய்த பிறகும் அந்தக் கார்டு எனக்குச் சரிப்படவில்லை. 4கே-வில் கலர் கிரேடிங்கும் நாய்ஸ் குறைப்பும் சேர்த்துப் போட்டால் கார்டின் 4 ஜிபி நினைவகம் நிறைந்துவிடுகிறது. நிறைந்ததும் கார்டு கணினியின் ரேமிடம் கை நீட்டும். அந்தப் பாதையும் இதில் குறுகல். போர்டுக்கும் கார்டுக்கும் நடுவில் தகவல் போகிற வழிகளை பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் என்பார்கள். பெரும்பாலான கார்டுகள் எட்டு அல்லது பதினாறு லேன்களைப் பயன்படுத்தும், இதில் நான்குதான். நான்காம் தலைமுறை ஸ்லாட் என்றால் ஓரளவு சமாளிக்கும். என் போர்டில் மூன்றாம் தலைமுறை, அதாவது வேகம் அதிலும் பாதி. கார்டின் பெட்டியைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. அதனால் மாடலைத் தேர்வு செய்யும்போது எத்தனை லேன், உங்கள் போர்டு எந்தத் தலைமுறை என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நான் அந்தக் கார்டைக் கேம் விளையாடுவதற்காகத் தேடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவருக்கு 9,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். அவருடைய போர்டு நான்காம் தலைமுறை. என்கோடர் இல்லை, கேம் ஓடுவதைப் பதிவு செய்ய வசதிப்படாது என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

கையில் பணம் குறைந்துவிட்டதால் அடுத்து பழைய கார்டு பக்கம் போனேன். மதுரைப் பக்கம் ஒருவர் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று படம் போட்டிருந்தார். விலை ஆசை காட்டியது. 2,000 ரூபாய் முன்பணம், சோதித்துப் பார்த்து மீதி என்று பேச்சு. கார்டு வந்ததும் பின்பக்கம் பழைய மானிட்டர்களை மாட்டுகிற நீல நிற விஜிஏ துளையைப் பார்த்தேன். பாஸ்கல் என்கிற அந்த 10 வரிசையில் விஜிஏ போன்ற அனலாக் வெளியீட்டை என்விடியா எடுத்துவிட்டது, அப்புறம் இதில் எப்படி விஜிஏ? ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டியதும், கார்டின் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று காட்டியது. உள்ளே இருந்தது 2010, 2011 வாக்கில் வந்த பழைய ஃபெர்மி சிப். அதன் பயாஸை மாற்றி எழுதி, விண்டோஸில் 1050 டிஐ என்று காட்டும்படி செய்திருந்தார்கள். மீதிப் பணத்தைக் கொடுக்கவில்லை. முன்பணம் திரும்ப வரவும் இல்லை, போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

பழைய கார்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விற்பவர் கணினியில் அது ஓடுவதை நேரில் பார்க்க வேண்டும். பென் டிரைவில் ஜிபியூ-இசட் எடுத்துப் போங்கள், நிறுவாமலே ஓடும். ஃபர்மார்க் போன்ற ஒரு சோதனையைக் கால் மணி நேரம் ஓட்டி, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, விசிறி எல்லாம் சுற்றுகிறதா, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டிப் புது நாணயம் எடுக்கிற மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 அதில் அதிகம். 580 என்ற பெயரிலேயே 2304 கோர் (கணக்குப் போடுகிற சின்னப் பகுதி) உள்ளதும் உண்டு, 2048 கோர் உள்ளதும் உண்டு. பின்னது உண்மையில் 570-க்குச் சமம்.

பெயர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஐயாவின் பெயரைப் பேரன்கள் எல்லாருக்கும் வைத்து, ஒரே வீட்டில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். கார்டு உலகமும் அப்படித்தான் இருக்கிறது. ஜிடி 1030 என்று கேட்டால் ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதும் தருவார்கள், டிடிஆர்4 உள்ளதும் தருவார்கள். முதலாவதில் நொடிக்கு 48 ஜிபி போகும், இரண்டாவதில் 17 ஜிபி கூடப் போகாது. இரண்டிலுமே என்கோடர் இல்லை. ஜிடி 730 என்பது 2014-இல் வந்தது, அதிலும் மூன்று விதம். அதை இன்றைக்கும் எடிட்டிங் கார்டு என்று சொல்லிப் புதிதாக விற்கிறார்கள், மனசாட்சியோடு சொல்கிறேன், வாங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்றாலும் 2022-இல் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட், 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட். கோர்களும் குறைவு, நினைவகப் பாதையும் 128 பிட்டில் இருந்து 96 பிட்டாகக் குறைவு. பெட்டியில் பெயர் ஒன்றுதான்.

கடைசியில் நான் எடுத்தது அந்த 6 ஜிபி 3050-ஐத்தான். காரணங்கள் எனக்குத் தெளிவாக இருந்தன. என்வென்க் இருக்கிறது, 6 ஜிபி இருக்கிறது, எட்டு லேன், 70 வாட் என்பதால் பெரும்பாலான கம்பெனி மாடல்களில் தனி கரண்ட் ஒயரே தேவையில்லை. இதைப் போனில் கடைகளில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள் என்று அதிகாலைப் பல்லவன் ரயிலைப் பிடித்து, கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கே போனேன். அங்கும் முதலில் ஒரு கடையில் பில் இல்லாமல் 1,000 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். கிராபிக்ஸ் கார்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தவிர்த்துக் குறைப்பதாகச் சொல்வார்கள், ஆனால் பில் இல்லாவிட்டால் மூன்று வருட வாரண்டியைக் கேட்க எந்த ஆதாரமும் இருக்காது. இன்னொரு கடையில் 16,800-க்கு வாங்கினேன். கார்டின் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொன்னேன், அவர்கள் கணினியிலேயே மாட்டி ஜிபியூ-இசட்டில் 6 ஜிபி, ஜிடிடிஆர்6, 96 பிட் என்று காட்டச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்தார். ஊரில் இருந்து அவ்வளவு தூரம் வருகிற நமக்கு, பிரித்த பிறகு திருப்புவது என்பது நடக்காத காரியம். பணம் கொடுக்கும் முன் பார்ப்பதுதான் நமக்குள்ள ஒரே பிடி. அப்படியும் ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பில் கையில் இருந்தால் பேச வசதி.

மொத்தத்தில் முதல் கார்டில் 5,500, போலிக் கார்டில் 2,000, மாற்றி ஒயர் 250 என்று 7,750 ரூபாய் போனது. கைவிட்டுப்போன அந்த 12,000 ரூபாய் வேலையை இதில் சேர்க்கவில்லை. இப்போது விடிய விடிய ஓடிய எக்ஸ்போர்ட் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது.

எடிட்டிங் செய்பவர்கள் மட்டும் இதையும் கவனியுங்கள். புதிய சோனி கேமராக்களில் நிற விவரம் அதிகமாக இருக்கிற 4:2:2 10 பிட் என்ற முறையில் பதிவு செய்கிறார்கள். அந்த ஃபைலை விரித்துக் காட்ட என் 3050 உதவாது. என்விடியாவில் 2025-இல் வந்த 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. இன்டெல் 11-ஆம் தலைமுறை உள் கிராபிக்ஸில் இருந்து ஹெச் 265 4:2:2-வுக்கு ஆதரவு உண்டு. அதனால் ஸ்டுடியோவிடம் எந்த முறையில் படம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கார்டைத் தேடுங்கள். நான் அப்படி வரும் ஃபைல்களுக்கு இரவில் பிராக்ஸி (எளிதாக ஓடுகிற சின்ன நகல்) போட்டு வைத்துவிட்டுக் காலையில் வெட்டுகிறேன், தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. குறைந்த விலையில் இன்டெல் ஆர்க் ஏ380-யும் எடிட்டிங்குக்கு நல்லது, 6 ஜிபி, ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்துக்கான என்கோடரும் உண்டு. ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக எட்ட விடுகிற ரீசைசபிள் பார் வசதி போர்டில் இருக்க வேண்டும், 10-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ள பழைய இன்டெல் கணினிக்கு எடுக்காதீர்கள்.

யுபிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம். 600 விஏ என்று எழுதியிருப்பது சுமார் 360 வாட்தான், கார்டு போட்ட பிறகு பழைய யுபிஎஸ் கரண்ட் போன உடனே கீழே இறங்கிவிடலாம். அப்புறம் எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி. திறந்த முற்றம் உள்ள வீடு என்றால் கார்டின் விசிறியில் மாதத்துக்குள் படிந்துவிடும். ப்ளோயரால் ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் அதிவேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுப்போகும்.